பக்கம் பதினொன்று: கட்டாய மாற்றம்

காரைக்குடி நூறடிச் சாலை,
டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம்
மேசையில் என் தேநீர் நடுங்கும்.
இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்
எவரும் கடைசிவரை படிக்காத உரைநடை.

"நிர்வாகி ஒரு முகவரியில் உள்ள டோக்கன்களை
இன்னொரு முகவரிக்கு நகர்த்தலாம்.
உடையவர் கையொப்பம் தேவையில்லை."

இரண்டாம் வாக்கியத்தை மூன்று முறை அழித்தேன்.
மூன்று முறையும் பிரான்மலை திரும்பச் சேர்த்தான்.
"நிரல் செய்யுறதை எழுதுங்க மேடம்.
செய்யக்கூடாததை வக்கீல் எழுதுவாரு."

கானாடுகாத்தானில் ஒரு வீடு.
ஒரு தெருவில் வாசல், மறுதெருவில் கொல்லைக் கதவு,
நடுவே நூற்றெழுபது பங்காளிகள்:
பினாங்கு, பெர்த், பெங்களூரு,
ஒருவர் எப்போதும் ஏதோ ஒரு கப்பலில்.
விற்கவும் முடியாமல் ஓடு மாற்றவும் முடியாமல்
மூன்று நீதிபதிகள் ஓய்வுபெற்ற பிறகு
பங்கையெல்லாம் பிளாக்செயினில் ஏற்றினார்கள்.
அரை, கால், அரைக்கால், வீசம்.
வீசத்தை இருபதாய் நறுக்கினால் முந்திரி.
நிரலுக்கு முந்திரி பெரிய துண்டு.
புள்ளிக்குப் பின்னே பதினெட்டு இடம் அதற்கு,
ஜன்னல் கம்பியின் துருவைக்கூடப்
பங்கு பிரிக்கும்.

சிலர் இறந்துபோனார்கள்.
ஒருவர் பன்னிரண்டு மீட்புச் சொற்களை
நாட்காட்டித் தாளில் குறித்துவைத்து
மறுநாள் தேதியோடு கிழித்தார்.
அவர்களுக்காகத்தான் இந்தக் கருவி.

நான்கு கேள்வி கேட்கும்.
எங்கிருந்து. எங்கே. எவ்வளவு. ஏன்.
முதல் மூன்றும் கட்டாயம்.
"ஏன் என்பதை வெறுமையாக விடலாம்"
என்று தட்டும்போது
சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது.
தட்டினேன்.

உதாரணத்துக்கு ஒரு முகவரி வேண்டியிருந்தது,
யாருடையதும் அல்லாத ஒன்று.
நாற்பது ஒன்றுகளை வரிசையாக நட்டேன்.
அளவுக்கு ஒரு வீசம்.

செவ்வாய்க்கிழமை, ராகுகாலம் போகட்டும் என்று காத்திருந்து
நாலே முக்காலுக்கு
தேவகோட்டை அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்ந்த இளஞ்சியம்
பக்கம் பதினொன்றைத் திறந்து
எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாள்.
ஒரு வீசம். நாற்பது ஒன்றுகள். ஏன்: வெறுமை.
முதலில் ஒத்திகை பார்க்கவும் என்பதை
அடிக்குறிப்பில் வைத்திருந்தேன்.
அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்.

பினாங்கு மெய்யம்மையின் வீசம் கிளம்பிப் போனது.
தேநீர் ஆறுவதற்குள் உறுதியாகிவிட்டது.
மேல வளவின் ஓர் அறையும் அதன் அலமாரியும்
இப்போது என் உதாரணத்துக்குச் சொந்தம்.
அன்று மாலை வந்த படப்பிடிப்பு வாடகையில்
அதற்கும் பங்கு போட்டது நிரல்.

இளஞ்சியம் அழுதாள்.
பிரான்மலை சிரித்துவிட்டு, பிறகு சிரிக்கவில்லை.
தொலைபேசியில் மெய்யம்மை கேட்டார்:
"யாருங்க அந்த ஒண்ணு?"
விளக்கினேன். சற்று நேரம் பேசவில்லை அவர்.
"எடுக்கறப்ப என்னைக் கேக்கலை.
குடுக்கறப்பவும் கேக்க மாட்டீங்கதானே?"

கேட்கவில்லை.
அதே கருவி, முகவரிகள் இடம் மாறி.
பேரேட்டில் இரண்டு வரியும் நிற்கின்றன,
அடித்து எழுத இடமில்லாத பேரேடு.
திரும்பி வந்த வரியில் மட்டும்
ஏன் என்ற கட்டத்தை நான் நிரப்பினேன்:
"பக்கம் பதினொன்றில் இருந்த உதாரணம் என்னுடையது."

அன்றிரவே பிரான்மலை ஒரு வரி சேர்த்தான்.
காரணம் இல்லையேல் கருவி நகராது.
நானும் திருத்தினேன், கட்டாயம் நான்கும்.
அடிக்குறிப்பு மேலே ஏறித் தடித்த எழுத்தாயிற்று.

அடுத்த வாரம் யாரோ ஒரு நிர்வாகி
இரண்டு முந்திரியை இடம் மாற்றினார்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரே ஒரு புள்ளி.

இந்தப் பக்கத்து நகரத்தார் கோயில் கணக்கில்
புள்ளி என்றால் ஒரு குடும்பம்.
அதைத்தான் சொன்னாரா என்று கேட்டு
மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.